முதல் நாள் சி.டி. சொல்லாதது

மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை பாய்கிறது. வாந்தி நிற்கவில்லை. அவசரப் பிரிவில் எடுத்த ரத்தத்தில் லைபேஸ், இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் பத்து மடங்கு இருக்கிறது. திடீர்க் கணைய அழற்சி என்று சீக்கிரமே முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு உறவினர் கேட்கிறார், டியூட்டி டாக்டர் கேட்கிறார், வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் மூத்த மருத்துவரும் கேட்கிறார்: "சி.டி. எடுத்தாச்சா?"

படத்தைப் பார்த்தால் நோயின் கடுமை தெரிந்துவிடும், கடுமை தெரிந்தால் வார்டா ஐ.சி.யூ.வா என்று முடிவெடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பெரிய மருத்துவமனை, சிறிய மருத்துவமனை என்ற வேறுபாடு இதில் கிடையாது. ஆனால் அது தவறான நம்பிக்கை. நோய் தொடங்கிய முதல் இரண்டு நாளில் எடுக்கும் சி.டி., யார் தேறுவார், யாருடைய நிலை மோசமாகும் என்பதை நம்பகமாகச் சொல்வதில்லை. கட்டிலருகே நின்று எண்ணக்கூடிய மூச்சும், பையில் இறங்கும் சிறுநீரும், எந்தச் சிறிய லேபிலும் செய்யக்கூடிய யூரியா பரிசோதனையும் அந்த விஷயத்தில் சி.டி.க்குக் குறைந்தவை அல்ல. ஒரு வகையில் மேலானவை, ஏனென்றால் அவற்றை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கலாம்.

முதலில் எதைக் கடுமை என்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1992-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கூடிய வல்லுநர்கள் இந்த நோய்க்கு ஒரு பொது வகைப்பாட்டை உருவாக்கினார்கள். இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பின் 2012-இல் அது திருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது அந்தத் திருத்திய வடிவம்தான். அதன்படி எந்த உறுப்பும் செயலிழக்காமல், கணையத்தைச் சுற்றியும் சிக்கல் இல்லாமல் இருந்தால் நோய் லேசானது. உறுப்புச் செயலிழப்பு வந்து 48 மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டாலோ, கணையத்தைச் சுற்றி நீர் சேர்வது, திசு செத்துப்போவது போன்ற சிக்கல் இருந்தாலோ நடுத்தரக் கடுமை. நுரையீரல், சிறுநீரகம், இதய ரத்த ஓட்டம் ஆகிய மூன்றில் ஒன்றாவது செயலிழந்து 48 மணி நேரத்துக்கு மேலும் மீளாமல் இருந்தால்தான் கடுமையான நோய்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். உச்சப் படிநிலைக்குள் ஒருவரைச் சேர்க்கக் கணையத்தின் படமே தேவையில்லை. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறுகிறது, கிரியேட்டினின் 1.9-ஐ எட்டியதா, சலைன் ஏற்றிய பின்னும் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே கிடக்கிறதா என்ற மூன்று கேள்விக்கு விடை இருந்தால் போதும். இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. 48 மணி நேரம் கடந்தால்தான் சொல்ல முடியும் என்று வரையறையே கூறும் ஒன்றை, இரண்டாம் மணி நேரத்தில் எடுத்த படம் எப்படிச் சொல்லும்? அது கணிக்கலாம், அவ்வளவுதான். கணிப்பில் அது எந்த அளவு தேறுகிறது என்பதுதான் கேள்வி.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் அது ஏன் தேறாது என்று புரியும். கணையம் சுரக்கும் செரிமான நொதிகள் குடலுக்குள் போன பிறகே விழித்துக்கொள்ள வேண்டியவை. பித்தக்கல் வழியை அடைத்தாலோ, மதுவாலோ, ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மிக அதிகமாக ஏறியதாலோ அவை கணையத்துக்குள்ளேயே விழித்துச் சொந்தத் திசுவைத் தின்னத் தொடங்குகின்றன. அதை எதிர்க்க உடல் எழுப்பும் அழற்சி பலருக்குக் கணையத்தோடு நின்றுவிடுகிறது. சிலருக்கு உடல் முழுதும் பரவுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசிகிறது, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறித் திசுக்களுக்குள் தேங்குகிறது, ரத்தம் கெட்டியாகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டம் குறைகிறது, நுரையீரலுக்குள் நீர் கோத்து மூச்சு திணறுகிறது. முதல் வாரத்தில் நிகழும் மரணங்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் வருகின்றன. அதாவது முதல் வாரத்தில் நோயாளியைக் கொல்வது கணையத்தின் சேதம் அல்ல, அந்தச் சேதத்துக்கு உடலின் மற்ற உறுப்புகள் காட்டும் எதிர்வினை. கணையத்தைப் படம் பிடிக்கும் கருவிக்கு அந்த எதிர்வினையின் பெரும்பகுதி தெரியாது.

கணையத் திசு பெருமளவு செத்துப்போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எந்த உறுப்பும் செயலிழப்பதில்லை. மறுபுறம், திசு இறப்பே இல்லாமல் மூச்சுத் திணறலோடு வென்டிலேட்டருக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். படத்தில் தெரியும் சேதமும் உறுப்புகளின் நிலையும் கைகோத்து நடப்பவை அல்ல.

சரி, கணையத்தின் சேதத்தையாவது முதல் நாள் சி.டி. சரியாகக் காட்டுமா என்றால், அதுவும் இல்லை. திசு இறப்பு ஒரே நொடியில் நிகழ்வதில்லை. கணையத்தின் நுண் ரத்த ஓட்டம் படிப்படியாக அடைபட்டு, இரண்டு மூன்று நாளில்தான் உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் இடையே எல்லை தெளிவாகிறது. கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றியதும் உயிருள்ள திசு பளிச்சென்று தெரியும், செத்தது மங்கிக் கிடக்கும். இந்த வேறுபாட்டை நம்பித்தான் ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட் எழுதுகிறார். முதல் 24 மணி நேரத்தில் அந்த வேறுபாடு உருவாகியே இருக்காது. "திசு இறப்பு இல்லை" என்று நேர்மையாக எழுதப்பட்ட ரிப்போர்ட், நான்காம் நாளில் பாதிக் கணையம் மங்கிக் கிடக்கும் இன்னொரு படத்தால் பொய்யாகிறது. எதிர்த்திசையிலும் பிழை நேரும். வெறுமனே வீங்கியிருக்கும் கணையம் திட்டுத்திட்டாக மங்கலாகத் தெரிந்து, செத்துவிட்டதோ என்ற ஐயத்தைக் கிளப்பும்.

சர்வதேச, அமெரிக்கக் கணைய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி இதனால்தான் முதல் சி.டி.க்கு உகந்த நேரம் வலி தொடங்கி 72 முதல் 96 மணி நேரத்துக்குப் பின் என்று சொன்னது. கவனிக்க வேண்டியது, மருத்துவமனையில் சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல, வலி தொடங்கிய நேரத்திலிருந்து. வலி எப்போது தொடங்கியது என்று மணிக்கணக்கில் கேட்டு எழுதிவைத்த கேஸ் ஷீட் எத்தனை இருக்கும்?

முதல் நாள் சி.டி.யை ஆதரிப்பவர்கள் ஒரு காலத்தில் நியாயமாகவே வாதிட்டிருக்க முடியும், இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்ததில்லையே என்று. அந்த வாய்ப்பும் 2012-இல் போய்விட்டது. தாமஸ் போலன் என்ற டச்சு ரேடியாலஜிஸ்டும் அவருடைய குழுவினரும் ஏழு வகையான சி.டி. மதிப்பெண் முறைகளை எடுத்து, சேர்க்கையின் முதல் நாளில் அவை தந்த கணிப்பை, அப்பாச்சே-2, பைசாப் என்ற இரண்டு மருத்துவ மதிப்பெண்களோடு ஒப்பிட்டார்கள். ஏழில் ஒன்றுகூட மருத்துவ மதிப்பெண்களைப் பொருட்படுத்தத்தக்க அளவு விஞ்சவில்லை. கடுமையை அளப்பதற்காக மட்டும் சேர்க்கையின்போது சி.டி. எடுப்பதைப் பரிந்துரைக்க முடியாது என்று அவர்கள் எழுதினார்கள். இதை எழுதியவர் படங்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர் என்பதால் அந்த முடிவுக்குக் கூடுதல் எடை உண்டு.

வரலாற்றிலும் இந்தப் பிழைக்கு ஒரு வேர் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ரேன்சன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1974-இல் பதினோரு அளவைகளைக் கொண்ட பட்டியலை வெளியிட்டார். ஐந்தைச் சேர்க்கையின்போது பார்க்க வேண்டும்: வயது, வெள்ளணு எண்ணிக்கை, சர்க்கரை, கணையத்துக்கே உரியவை அல்லாத இரண்டு நொதிகள். ஆறை 48 மணி நேரம் ஆனபின் பார்க்க வேண்டும்: ஹீமோடாக்ரிட் எவ்வளவு இறங்கியது, யூரியா நைட்ரஜன் எவ்வளவு ஏறியது, கால்சியம், ஆக்சிஜன், அமிலத்தன்மை, உடலுக்குள் எவ்வளவு நீர் தேங்கியது. பதினொன்றில் ஆறு இரண்டு நாள் காத்திருக்கச் சொல்கின்றன. அதே பல்கலைக்கழகத்தின் ரேடியாலஜிஸ்ட் எமில் பல்தசார், ரேன்சனையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு 1985-இல் சி.டி. படத்தை ஏ முதல் ஈ வரை ஐந்து படிகளாகப் பிரித்தார். 1990-இல் திசு இறப்பின் அளவையும் சேர்த்துப் பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண் பிறந்தது. இன்றைக்கும் நம் ரிப்போர்ட்டுகளின் கடைசி வரியில் வருவது அதுதான்.

பல்தசாரின் வேலையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கணையத்தின் உள்ளூர்ச் சேதத்தை எல்லோரும் ஒரே மொழியில் பேச அது வழிசெய்தது. ஆனால் 1990-இன் எண்களையே எடுத்துப் பாருங்கள். மதிப்பெண் 3 வரை பெற்றவர்களில் சிக்கல் வந்தது 8 சதவீதம், இறந்தது 3 சதவீதம். 7 முதல் 10 வரை பெற்றவர்களில் சிக்கல் 92 சதவீதம், இறப்பு 17 சதவீதம். மிக மோசமான படம் காட்டியவர்களிலும் ஆறில் ஐந்து பேர் பிழைத்தார்கள். நல்ல படம் காட்டியவர்களிலும் சிலர் இறந்தார்கள். மதிப்பெண்ணில் பெரும் பங்கு வகிப்பது திசு இறப்பு. பத்தில் ஆறு மதிப்பெண் அதற்கே. திசு இறப்பு தெரியாத முதல் நாளில் அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடுவது, பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் இன்னும் அச்சாகாத வினாத்தாளுக்கு மதிப்பெண் போடுவது.

கணைய நொதிகளான லைபேஸும் அமைலேஸும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம். "லைபேஸ் மூவாயிரம் இருக்காம்" என்று குடும்பம் கலங்குகிறது. மறுநாள் எண்ணூறாக இறங்கினால் நிம்மதி அடைகிறது. சில மருத்துவர்களும் அந்த எண்ணைத் தினமும் கேட்டுக் கலங்கவும் நிம்மதியடையவும் செய்கிறார்கள். நோயை உறுதி செய்ய, உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்கு என்பது போதும். அதற்குமேல் அந்த எண் எவ்வளவு உயர்ந்தாலும் கடுமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ரேன்சனின் பதினொன்றில் அமைலேஸுக்கு இடமில்லை என்பது தற்செயல் அல்ல. நெடுங்காலம் குடித்துக் கணையம் வற்றிப்போனவருக்கு நொதிகள் அவ்வளவாக ஏறாமலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். டிரைகிளிசரைடு மிகுந்த ரத்தத்தில் அமைலேஸ் அளவே பொய்யாகக் குறைந்து தெரியலாம். பித்தக்கல் ஒன்று நழுவி விழுந்தவருக்கு எண் ஆயிரக்கணக்கில் ஏறி, மூன்றாம் நாள் அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தினமும் லைபேஸ் பார்ப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

"எடுத்தால்தான் என்ன நஷ்டம்? கூடுதல் தகவல் கெடுதலா?" இதுதான் எதிர்த்தரப்பின் பலமான கேள்வி. அதற்கு நேரான பதில் தேவை.

நஷ்டம் பணத்திலிருந்தும் கதிர்வீச்சிலிருந்தும் தொடங்குகிறது, ஆனால் அங்கே நிற்பதில்லை. வயிற்று சி.டி. ஒன்று தரும் கதிர்வீச்சு, மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து சில ஆண்டுகளில் பெறும் அளவு. நோய் நீடித்தால் எப்படியும் மூன்றாவது, நான்காவது படம் தேவைப்படும், முதலாவதை வீணாக்கியிருக்க வேண்டாம். கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற பழைய அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த வாதத்துக்கு அதை முட்டாகக் கொடுக்க வேண்டியதில்லை. பெரிய நஷ்டம் வேறு. "லேசான வீக்கம் மட்டுமே" என்ற ரிப்போர்ட் கையில் வந்ததும் வார்டின் கவனம் தளர்கிறது. இரவு இரண்டு மணிக்கு மூச்சு நிமிடத்துக்கு 28 ஆனதை ஷீட்டில் எழுதிய நர்ஸ், மருத்துவரை எழுப்பலாமா என்று யோசிக்கிறார். படம் நன்றாக இருக்கிறதே. அந்த யோசனையில் கழியும் நான்கு மணி நேரத்தை எந்த இயந்திரமும் திருப்பித் தராது.

எதிர்த்திசை நஷ்டமும் குறைவல்ல. முதல் நாளிலேயே "திசு இறப்பு இருக்கக்கூடும்" என்ற வரி வந்துவிட்டால், கிருமித் தொற்று இல்லாதபோதே கார்பபெனம் போன்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுகிறது. தொற்று வராமல் தடுப்பதற்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் பலனில்லை என்று எல்லா முக்கிய வழிகாட்டிகளும் சொல்கின்றன. மருந்துக்கு அசையாத கிருமிகள் ஏற்கெனவே மலிந்துள்ள இந்திய ஐ.சி.யூ.க்களில் இது சிறிய பிழை அல்ல.

முதல் நாளில் சி.டி. எடுக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நோயே எதுவென்று உறுதியாகாதபோது எடுத்தாக வேண்டும். குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம், குடலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம், பெருந்தமனி வீங்கி வெடிக்கும் நிலையில் இருக்கலாம். இவை கணைய அழற்சிபோல் வேடமிட்டு வரக்கூடியவை, லைபேஸையும் ஓரளவு ஏற்றக்கூடியவை. வயது முதிர்ந்தவர், வலி வழக்கமான வகையில் இல்லாதவர், வயிறு பலகைபோல் இறுகியவர் ஆகியோருக்குத் தயங்காமல் படம் எடுக்க வேண்டும். அப்போது கேட்கும் கேள்வி "இது என்ன நோய்" என்பது. அதற்கு சி.டி. நல்ல விடை தரும். "எவ்வளவு கடுமை" என்ற கேள்வியை அதே படத்தின் மேல் ஏற்றும்போதுதான் பிழை தொடங்குகிறது.

இந்த இடத்தில் எதிர்முகாமின் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. சி.டி.யை மறுப்பவர்களில் பலர் அந்த இடத்தில் மதிப்பெண் பட்டியலை உட்காரவைத்துவிடுகிறார்கள். பைசாப் எத்தனை, ரேன்சன் எத்தனை, அப்பாச்சே எட்டைத் தாண்டியதா என்று எண்ணைக் கூட்டி எழுதிவிட்டால் மதிப்பீடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பைசாப் நல்ல கருவிதான். யூரியா நைட்ரஜன் 25-க்கு மேல், குழம்பிய சிந்தை, உடல் தழுவிய அழற்சியின் அறிகுறிகள், அறுபதைத் தாண்டிய வயது, நுரையீரலைச் சுற்றி நீர் என்று ஐந்தே கேள்வி. 2008-இல் வெளியான அந்த முறை, அமெரிக்காவில் 212 மருத்துவமனைகளின் 17,992 நோயாளிகளிடமிருந்து உருவாக்கப்பட்டு, வேறு 18,256 பேரிடம் சோதிக்கப்பட்டது. மதிப்பெண் பூஜ்யம் என்றால் இறப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழ். ஐந்து என்றால் இருபது சதவீதத்துக்கு மேல்.

ஆனாலும் எந்த மதிப்பெண்ணும் ஒரு தனிமனிதரின் விதியைச் சொல்லாது. எளிய கணக்கு ஒன்று. நூறு பேரில் 15 பேருக்குத்தான் நோய் கடுமையாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் முறை கடுமையானவர்களில் நூற்றுக்கு 75 பேரையும், கடுமை இல்லாதவர்களில் நூற்றுக்கு 77 பேரையும் சரியாகப் பிரிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது கண்டுபிடிப்பது 15-இல் 11 பேரை. கூடவே, ஆபத்தில்லாத 85 பேரில் 20 பேருக்கு ஆபத்து என்று தவறாகச் சொல்கிறது. "கடுமை" என்று முத்திரை குத்தப்பட்ட 31 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் சாதாரணமாக வீடு திரும்புவார்கள். முத்திரை விழாத நால்வர் வார்டில் சரிவார்கள். ஒன்பது மதிப்பெண் முறைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு 2012-இல் அமெரிக்கக் குழு ஒன்று வெளியிட்ட ஆய்வும், இருக்கும் முறைகள் எல்லாம் தங்கள் எல்லையைத் தொட்டுவிட்டன, துல்லியம் நடுத்தரம்தான் என்றே முடிவு சொன்னது.

எனவே, மதிப்பெண் எதைச் சிறப்பாகச் செய்கிறதோ அதற்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். அது ஆபத்து குறைந்தவர்களைப் பிரித்தெடுக்கும். வயிறு இறுகவில்லை, ஹீமோடாக்ரிட் இயல்பு, கிரியேட்டினின் இயல்பு என்ற மூன்றையும் மட்டும் பார்த்து, சேர்ந்த அரை மணி நேரத்தில் "இவருக்கு லேசாகத்தான் போகும்" என்று சொல்லும் எளிய முறையை 2009-இல் ஜெர்மனியின் பவுல் லாங்கிஷ் குழு வெளியிட்டது. ஐந்தில் நான்கு பேருக்கு இந்த நோய் லேசாகவே முடிகிறது என்பதால், பெரும்பாலோரை இப்படி அடையாளம் கண்டு, மிச்சமுள்ளவர்கள் மேல் கண்ணை வைக்கலாம்.

கண்ணை வைப்பது என்றால் என்ன? ஏரியின் நீர்மட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வீடு திரும்புவதல்ல, வரத்து கூடுகிறதா குறைகிறதா என்று கரையில் நின்று பார்ப்பது. சேரும்போது யூரியா நைட்ரஜன் 20-க்கு மேல் இருந்தாலோ, முதல் 24 மணி நேரத்தில் அது கொஞ்சமே ஏறினாலோ இறப்பு அபாயம் கூடுகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு தடவை எடுத்த அளவைவிட இரண்டாம் தடவை அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது அதிகம் பேசுகிறது. நாடித்துடிப்பு 90-க்கு மேல், மூச்சு 20-க்கு மேல், காய்ச்சல், வெள்ளணு 12,000-க்கு மேல் என்ற நான்கில் இரண்டு இருந்தால் அது உடல் தழுவிய அழற்சி. முதல் நாள் அது இருந்து இரண்டாம் நாள் அடங்கிவிட்டால் பெரும்பாலும் நல்லது நடக்கும். 48 மணி நேரம் கழிந்தும் அடங்காவிட்டால் உறுப்புகள் ஆபத்தில் இருக்கின்றன. இரண்டாம் நாள் முடிவில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவும் எச்சரிக்கை.

இந்தக் கண்காணிப்பு வெறும் கணிப்புக்காக அல்ல, சிகிச்சையே அதன் மேல்தான் நிற்கிறது. இந்த நோய்க்குச் சலைனை வெள்ளமாக ஏற்ற வேண்டும் என்று பல ஆண்டுகள் கற்பிக்கப்பட்டது. ஸ்பெயினின் அலிகாந்தே நகரைச் சேர்ந்த என்ரிக்கே தே மதாரியா தலைமையில், இந்தியாவும் சேர்ந்த நான்கு நாடுகளின் 18 மையங்களில் நடந்த வாட்டர்ஃபால் ஆய்வு அதைச் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டது. வேகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடலில் நீர் மிகுந்தது, அளவாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம். நோயின் கடுமையோ வேகமான குழுவில் குறையவே இல்லை. ஆபத்து தெளிவாகத் தெரிந்ததால் 249 பேரோடு ஆய்வு நிறுத்தப்பட்டது. எவ்வளவு திரவம் என்பதை முடிவுசெய்வது சிறுநீரின் அளவும் யூரியாவும் ஹீமோடாக்ரிட்டும் மூச்சும்தான். படம் பார்த்துச் சொட்டின் வேகத்தைத் தீர்மானிக்க முடியாது.

முதல் நாளில் செய்தே ஆக வேண்டிய படம் ஒன்று உண்டு: சாதாரண அல்ட்ராசவுண்ட். வாயு நிறைந்த குடல் மறைப்பதால் கணையத்தை அது சரியாகக் காட்டாமல் போகலாம், பரவாயில்லை. அது தேடுவது பித்தப்பைக் கல்லை. கல் இருந்தால் சிகிச்சையின் பாதையே மாறுகிறது. லேசான நோயிலிருந்து தேறியவருக்கு அதே சேர்க்கையில் பித்தப்பையை எடுத்துவிட்டால், பின்னால் கல் தொடர்பான தொல்லையோடு திரும்பி வருபவர்கள் 17 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறார்கள் என்று 2015-இல் நெதர்லாந்தின் போன்ச்சோ ஆய்வு காட்டியது. முதல் நாள் சி.டி.க்குச் செலவிட்டுவிட்டு, "ஒரு மாதம் கழித்து வாங்க" என்று கல்லோடு அனுப்பும் வழக்கம் நோயாளிக்கு இரண்டு முறை கெடுதல் செய்கிறது.

சி.டி.யின் நாள் வரும். ஐந்தாம் நாளும் காய்ச்சல் அடங்கவில்லை, சாப்பிட முடியவில்லை, உறுப்பு மீளவில்லை என்றால் கான்ட்ராஸ்டோடு எடுக்கும் படம் சேதத்தின் எல்லையை நன்றாகக் காட்டும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் திடீரென்று நிலை சரிந்தால், செத்த திசுவுக்குள் வாயுக் குமிழ்கள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும், அது கிருமித் தொற்றின் அடையாளம். நான்கு வாரம் ஆனபின் அந்தத் திசுவைச் சுற்றிச் சுவர் கட்டியிருக்கிறதா, எந்த வழியாகக் குழாய் போடலாம் என்பதையெல்லாம் படம் இல்லாமல் முடிவுசெய்யவே முடியாது. டச்சு மருத்துவர்களின் பான்ட்டர் ஆய்வு 2010-இல் இதன் பலனை உலகுக்குக் காட்டியது. வயிற்றைத் திறந்து செத்த திசுவைச் சுரண்டி எடுப்பதற்குப் பதிலாக முதலில் குழாய் வழியே சீழை வடித்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த படிக்குப் போனார்கள். பெரிய சிக்கலோ மரணமோ நேர்ந்தவர்கள் 69 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் குழாயே போதுமாக இருந்தது. அதே நாட்டினர் 2021-இல் இன்னொரு படி முன்னே போனார்கள். தொற்று தெரிந்ததும் குழாய் போடாமல், சுவர் கட்டும்வரை ஆன்டிபயாட்டிக்கோடு காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் குழாயே தேவைப்படவில்லை. இந்த நோயில் அவசரம் பலமுறை தோற்றிருக்கிறது, முதலில் கத்தியில், பிறகு சலைனில், பிறகு குழாயில்.

முதல் நாள் சி.டி. மேலுள்ள நம்பிக்கை மிக அதிகமாகப் பாதிப்பது சி.டி. இல்லாத ஊர்களை. தாலுகா மருத்துவமனையிலோ சிறிய நர்ஸிங் ஹோமிலோ கணைய அழற்சி என்று தெரிந்ததும், பக்கத்து நகரத்து ஸ்கேன் சென்டருக்கு அனுப்பி, படம் எடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து, திரும்ப வந்து, அதன் பிறகு மேல் சிகிச்சைக்கு அனுப்பலாமா என்று பேசும் வழக்கம் இருக்கிறது. சலைன் ஏற வேண்டிய, சிறுநீரை அளக்க வேண்டிய, ஆக்சிஜனைப் பார்க்க வேண்டிய முதல் ஆறு மணி நேரத்தை நோயாளி வாகனத்திலும் வரிசையிலும் கழிக்கிறார். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கான காரணங்கள் அந்தச் சிறிய மருத்துவமனையிலேயே கிடைக்கின்றன: விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் இறங்குகிறது, சலைன் ஏற்றியும் சிறுநீர் பெருகவில்லை, கிரியேட்டினின் ஏறுகிறது, நோயாளி குழம்பிப் பேசுகிறார், 24 மணி நேரம் கழித்தும் நாடி 110-க்குக் கீழே வரவில்லை. இவற்றில் ஒன்று இருந்தால் சி.டி. எடுக்காமலேயே அனுப்ப வேண்டும். அனுப்பும் கடிதத்தில் வலி தொடங்கிய தேதியும் மணியும், அதுவரை ஏறிய திரவத்தின் அளவும், வெளியேறிய சிறுநீரின் அளவும், இரண்டு வேளை எடுத்த யூரியாவும் நேரத்தோடு இருந்தால், அங்கே ஐ.சி.யூ.வில் காத்திருக்கும் மருத்துவர் உடனே வேலையைத் தொடங்கிவிடலாம்.